தேர்வுக் காலத்தில் புண் ஏன் மெதுவாக ஆறுகிறது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-ஆம் ஆண்டில் ஒரு விநோதமான ஆய்வை வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக்குப் பல் மருத்துவம் படிக்கும் 11 மாணவர்கள் சம்மதித்திருந்தார்கள். கோடை விடுமுறையின்போது ஒவ்வொருவருடைய மேலண்ணத்திலும் ஒரு பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்தப்பட்டது. பிறகு, கல்லூரி திறந்து முதல் பெரிய தேர்வுக்கு 3 நாள்கள் இருக்கும்போது, மேலண்ணத்தின் மறுபக்கத்தில் அதே அளவில் இன்னொரு காயம்.

காயங்கள் ஆறுவதைத் தினமும் படம் எடுத்துக் கண்காணித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைத் தொட்டும் பார்த்தார்கள். திறந்த புண்ணில் அந்தக் கரைசல் பட்டால் நுரைக்கும். புண் மூடிவிட்டால் நுரைக்காது.

முடிவு தெளிவாக இருந்தது. தேர்வுக்கு முன் ஏற்பட்ட காயம் முழுமையாக ஆற, சராசரியாக 3 நாள்கள் கூடுதலாக எடுத்தது. அதாவது 40 விழுக்காடு அதிக நேரம். அந்த 11 பேரில் ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வுக் காலத்தில் புண் ஆறவில்லை.

11 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால், இந்தச் சோதனையில் ஒவ்வொரு மாணவரும் தன்னோடு மட்டுமே ஒப்பிடப்பட்டார். அதே ஆள், அதே வாய், அதே அளவுக் காயம். மாறியது தேர்வு ஒன்றுதான்.

“மன அழுத்தம் என்பதெல்லாம் மனசுக்குள் இருக்கும் பயம். தைரியமாக இருந்தால் போய்விடும்” என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். மனத்தில் மட்டும் இருக்கும் ஒன்று மேலண்ணத்துப் புண்ணை எப்படித் தாமதப்படுத்தும்?

மாணவர்களே, இந்தக் கேள்வி உங்களுக்கும் உரியது. எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். முடித்த பிறகு, உங்களில் சிலர் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போவீர்கள். சிலர் பத்து பகாட் வட்டாரத்தின் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்துக்கோ, இஸ்கண்டார் புத்ரியில் எடுசிட்டி வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கோ செல்லலாம். எங்குச் சென்றாலும் தேர்வும் அதன் அழுத்தமும் கூடவே வரும். அது உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உடலின் அவசர மணி

தேர்வு மண்டபத்தில் கேள்வித்தாளைத் திறந்ததும் முதல் கேள்வியே புரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். சில வினாடிகளில் இதயம் வேகமாக அடிக்கிறது. வாய் உலர்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. வயிறு கலங்குகிறது.

சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலந்துவிட்டது. ஆபத்து வந்துவிட்டது என்று உடல் நினைக்கிறது. கைகால் தசைகளுக்கு அதிக இரத்தம் போகிறது. அந்த நேரத்தில் அவசியமில்லாத செரிமானம் மெதுவாகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கெனன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விளக்கினார். எதிரியோடு போரிட அல்லது தப்பி ஓட உடல் செய்யும் ஏற்பாடு இது. காட்டில் புலியைக் கண்டால் உதவும். கேள்வித்தாள் புலி இல்லை என்பது அட்ரினலுக்குத் தெரியாது.

இதற்குப் பின்னால் மெதுவாக வருவது கார்டிசோல். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. பிட்யூட்டரி அதை அட்ரினல் சுரப்பிக்குக் கடத்துகிறது. அட்ரினல் கார்டிசோலைச் சுரக்கிறது. உடலில் சேமித்து வைத்த சர்க்கரை இரத்தத்துக்கு வருகிறது. கார்டிசோல் போதுமான அளவு ஆனதும் மூளை அதை உணர்ந்து உற்பத்தியைக் குறைக்கிறது. குளிர்சாதனப் பெட்டி தானே நின்று தானே ஓடுவது போன்ற ஏற்பாடு.

சிக்கல் எப்போது வருகிறது? மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது. மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓட வைத்தாலும், காயப்படுத்தினாலும் ஒரே மாதிரியான மாற்றங்களைக் கண்டார். அட்ரினல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. வயிற்றில் புண் வந்தது. நாம் இன்று ‘ஸ்ட்ரெஸ்’ என்று சொல்லும் கருத்து அறிவியலில் வேரூன்ற இந்த ஆய்வே முக்கியக் காரணம்.

இப்போது பல் மருத்துவ மாணவர்களின் புண்ணுக்கு வருவோம். காயம் ஆறுவதன் முதல் படி வீக்கம். நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு கிருமிகளை ஒழித்துப் புதுத் திசு வளர வழி செய்ய வேண்டும். கார்டிசோல் இந்த வீக்கத்தை அடக்கும் தன்மை கொண்டது. தோல் அரிப்புக்குக் கிளினிக்கில் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கார்டிசோலும் வேதியியல்படி ஒன்றே. வீக்கத்தை அடக்கத்தான் அந்தக் களிம்பு. அழுத்தம் நீடிக்கும்போது உடல் தானே தனக்கு அந்த மருந்தைத் தேவையில்லாமல் கொடுத்துக்கொள்கிறது எனலாம். தேர்வு வாரத்தில் சளியும் வாய்ப்புண்ணும் சேர்ந்து வருவதில் வியப்பில்லை.

மூளை திரும்பி வருகிறது

புண் ஒரு பக்கம் இருக்கட்டும். படிக்கும் மூளைக்கு என்ன ஆகிறது?

2009-இல் நியூயார்க்கின் கோனர் லிஸ்டன், புரூஸ் மெக்கியூவன், பி.ஜே. கேசி ஆகியோர் இதை ஆராய்ந்தார்கள். பெரிய தேர்வு ஒன்றுக்காக ஒரு மாதம் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்த 20 மருத்துவ மாணவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். அழுத்தம் இல்லாத மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, தேர்வுக்குப் படித்தவர்கள் தடுமாறினார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி மற்றப் பகுதிகளோடு இணைந்து வேலை செய்வதும் குறைந்திருந்தது. திட்டமிடுவது, தவறைக் கண்டுபிடிப்பது, வேறு வழியில் யோசிப்பது எல்லாம் அந்தப் பகுதியின் வேலை. இரவு 2 மணிக்கு ஒரே பத்தியை ஐந்து முறை படித்தும் மண்டையில் ஏறாமல் போனால், அதற்கு உங்கள் அறிவுக்குறைவைக் காரணமாக்க வேண்டாம்.

அந்த ஆய்வின் இரண்டாம் பாதிதான் முக்கியம். தேர்வு முடிந்து, அழுத்தம் குறைந்த ஒரு மாதத்துக்குப் பிறகு அதே மாணவர்களை மறுபடியும் சோதித்தார்கள். வேறுபாடு மறைந்திருந்தது. ஆரோக்கியமான இளம் மூளை ஓய்வு கிடைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

ஆக, அழுத்தம் நிஜம். அது உடலில் தெரியும். அதேவேளை அது நிரந்தரமில்லை. திரும்பி வருவதற்கு உடலுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் செமஸ்டரில் என்ன மாறுகிறது?

பள்ளியில் மணி அடித்தால் பாடம் மாறும். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் ஆசிரியர் கேட்பார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இருக்கும். பல்கலைக்கழகத்தில் எட்டு மணிக்கு விரிவுரை இருக்கும், பிறகு மாலை வரை ஒன்றும் இருக்காது. எழுப்பிவிட ஆள் இல்லை. ஒப்படைப்புகள் எல்லாம் செமஸ்டரின் கடைசி வாரங்களில் வந்து குவியும். கல்விக் கடன் பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் சிறியவைதான். எல்லாம் ஒரே மாதத்தில் வருவதுதான் கடினம்.

இன்னொன்றும் உண்டு. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தன் பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன், விரிவுரை மண்டபத்தில் நுழைந்து பார்த்தால் அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அவரவர் பள்ளியின் முதல் மாணவர்கள். கணக்குப்படி அவர்களில் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழே வந்தே ஆகவேண்டும். கல்வி உளவியலில் இதைக் குளத்து மீனோடு ஒப்பிடுவார்கள். சிறு குளத்தில் பெரிதாக இருந்த மீன் பெரிய ஏரிக்குப் போனதும், தன் உடம்பு சுருங்கிவிட்டதாக நினைக்கிறது. மீனின் அளவு மாறவில்லை. அளந்து பார்க்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

முதல் தேர்வில் குறைந்த புள்ளி வாங்கிய மாணவன், “இந்த இடம் எனக்கானது இல்லை. எல்லாரும் சமாளிக்கிறார்கள், எனக்கு மட்டும் முடியவில்லை” என்று முடிவு கட்டுகிறான். வாரக் கடைசியில் போன் செய்யும் அம்மாவிடம், “நல்லாதாம்மா இருக்கேன்” என்கிறான். பக்கத்து அறை மாணவனும் அவன் அம்மாவிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

‘எனக்கு மட்டும்தான்’

இந்த எண்ணத்தை மாற்றினால் என்ன ஆகும்? கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் எனும் இரு உளவியலாளர்கள் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதற்கு விடை தந்தார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதலாண்டு மாணவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓர் அமர்வு நடத்தினார்கள். மூத்த மாணவர்களின் அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். “முதலில் நாங்களும் இங்கே ஒட்டாமல்தான் இருந்தோம். நாள் போகப்போகச் சரியாகிவிட்டது” என்பதே அவற்றின் சாரம். பிறகு தங்கள் அனுபவத்தையும் அதோடு இணைத்து எழுதச் சொன்னார்கள்.

அங்கே சிறுபான்மையினரான கறுப்பின மாணவர்களின் தேர்ச்சி அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது. வெள்ளை மாணவர்களோடு இருந்த புள்ளி இடைவெளி பாதியாகக் குறைந்தது. உடல்நலமும் மேம்பட்டதாக அவர்கள் கூறினார்கள்.

அறிவியலில் ஒரு சோதனையோடு யாரும் நிறுத்துவதில்லை. 2023-இல் 22 கல்விக்கூடங்களில் 26,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இது மறுபடியும் சோதிக்கப்பட்டது. பலன் இருந்தது, ஆனால் சிறியதாக இருந்தது. அதுவும், மாணவர்கள் உண்மையிலேயே ஒன்றிப்போக வாய்ப்புள்ள இடங்களில்தான் பலன் தெரிந்தது. நல்ல வார்த்தை மட்டும் போதாது, அரவணைக்க ஆள்களும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்கோ புகுமுக வகுப்புக்கோ வந்த முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அறிவியலும் வரலாறும் மலாய் மொழியில். புது முகங்கள். சிற்றுண்டிச்சாலையில் யாரோடு உட்காருவது என்றே தெரியாத நாள்கள். பிறகு எப்படியோ பழகிவிட்டது. ஒரு பெரிய மாற்றத்தை 13 வயதிலேயே கடந்து வந்திருக்கிறீர்கள். பல்கலைக்கழகம் அதைவிடக் கொஞ்சம் பெரியது.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். சுகாதார அமைச்சின் 2022-ஆம் ஆண்டு இளையோர் ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ள மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இது கேள்வித்தாளில் தெரிந்த அறிகுறிதான், மருத்துவர் உறுதிசெய்த நோய் ஆகாது. ஆனாலும், 40 பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ 11 பேர் என்று எண்ணிப் பாருங்கள். ‘எனக்கு மட்டும்தான்’ என்பது கணக்குப்படியே தவறு.

முதலில் எதை வெட்டுகிறோம்?

தேர்வு நெருங்கியதும் மாணவர்கள் நேரம் தேடுகிறார்கள். முதலில் தூக்கத்தைக் குறைக்கிறார்கள். அடுத்து மாலை நேரப் பந்தாட்டம் நின்றுபோகிறது. பிறகு நண்பர்களோடு சாப்பிடுவது. அறைக்குள் மெகி மீ, கதவு மூடியிருக்கும். உடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்துகளே இவை மூன்றும்தான். தேவை மிக அதிகமாக இருக்கும் வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுகிறோம்.

தூக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. பகலில் படித்தவற்றை மூளை நீண்டகால நினைவாக மாற்றும் வேலையின் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. விடிய விடியப் படித்துவிட்டுத் தூங்காமல் தேர்வுக்குப் போவது, கட்டுரையைத் தட்டச்சு செய்துவிட்டுச் சேமிக்காமல் கணினியை மூடுவதற்குச் சமம்.

தூங்கினால் படிக்க நேரம் எங்கே? படிக்கும் முறையில் நேரத்தை மிச்சப்படுத்தலாம். 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற ஆய்வாளர்கள் இரண்டு குழு மாணவர்களுக்கு ஒரே பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு அமர்வுகளிலும் திரும்பத் திரும்பப் படித்தது. மற்றது ஓர் அமர்வில் படித்துவிட்டுத் தாளை மூடி, நினைவில் இருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், திரும்பப் படித்தவர்களுக்கு 40 விழுக்காடு நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. மீள்பார்வை செய்யும்போது புத்தகத்தை மூடிவைக்கும் பழக்கம், சில இரவுகளின் தூக்கத்தைக் காப்பாற்றும்.

மூச்சுக்கும் ஒரு வேலை உண்டு. நீங்களே சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டில் விரல் வைத்து 30 வினாடிக்கு நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 3 நிமிடங்களுக்கு, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். மறுபடி 30 வினாடி எண்ணுங்கள். பலருக்கு எண்ணிக்கை குறைந்திருக்கும். கூர்ந்து கவனித்தால், மூச்சை இழுக்கும்போது நாடி சற்று வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடிப்பதை உணரலாம். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சு விடும் நேரத்தில் இதயத்தை அமைதிப்படுத்துவதால் இப்படி ஆகிறது. தேர்வு மண்டபத்தில் யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய ஒரே சிகிச்சை இதுதான்.

தம்போய் என்ற கேலி

இவை எல்லாம் செய்தும் சரியாகாமல் போகலாம். அப்போது உதவி கேட்க வேண்டும். அங்கேதான் பலர் தயங்குகிறோம்.

ஜொகூரில் வளர்ந்த எவருக்கும் ‘தம்போய்’ என்ற கேலி தெரியும். “உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்பணும்” என்று விளையாட்டாகச் சொல்வோம். ஜொகூர் பாருவின் தம்போயில் 1937-இல் திறக்கப்பட்ட பெர்மாய் மருத்துவமனையைத்தான் அப்படிச் சொல்கிறோம். காய்ச்சலுக்குக் கிளினிக் போவதுபோல் மனத்துக்குச் சிகிச்சை பெறும் இடம் அது. அதன் பெயர் கேலியாகிவிட்டதால், தூக்கம் வராமல் தவிக்கும் ஒரு மாணவன் ஆலோசகரின் கதவைத் தட்டவும் பயப்படுகிறான். நாம் சிரித்துவிட்டு மறந்துவிடும் அந்தச் சொல், பக்கத்தில் இருப்பவனின் வாயை அடைத்துவிடலாம்.

ஆலோசகரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடுமோ என்ற பயமும் உண்டு. மலேசியாவில் ஆலோசகர்கள் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். வந்தவர் சொன்னதை இரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் மட்டும் காப்பாற்றுவதற்காக மற்றவர்களிடம் சொல்வார்கள். சட்டமும் மாறிவருகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அப்படிப்பட்டவருக்குத் தேவை சிகிச்சை என்பதை நாடு ஏற்றுக்கொண்டுவிட்டது.

எப்போது, யாரிடம்?

தேர்வுக்கு முன் இரண்டு நாள் பதற்றம் இயல்பு. ஆனால், மனம் கனத்துக் கிடப்பது அல்லது பிடித்தவற்றில்கூட ஆர்வம் இல்லாமல் போவது, நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரங்களுக்கு நீடித்தால் காத்திருக்க வேண்டாம். தூக்கமும் பசியும் மாறுவது, வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடப்பது ஆகியவையும் அறிகுறிகள். பள்ளியில் ஆலோசனை ஆசிரியரிடமும், பல்கலைக்கழகத்தில் ஆலோசனைப் பிரிவிலும் பேசலாம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலும் மனநலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

நண்பன் அமைதியாகிவிட்டால், “என்னடா, நாலு நாளா சாப்பிடவே வரலையே?” என்று நேராகக் கேளுங்கள். புத்திமதி வேண்டாம். அவன் பேசட்டும். தனியாக விட்டுவிட வேண்டாம். ஆலோசகர் அறை வரை கூடவே நடந்து போங்கள். “யாரிடமும் சொல்லாதே” என்று சத்தியம் வாங்கினாலும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பெரியவர் ஒருவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

தொலைபேசியிலும் உதவி கிடைக்கும். சுகாதார அமைச்சின் ஹீல் சேவை எண் 15555. தாலியான் காசே எண் 15999. 24 மணி நேரமும் காது கொடுத்துக் கேட்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. உடனடி ஆபத்து என்றால் 999.

பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் முதல் வாரத்தில், நூலகம் எங்கே, சிற்றுண்டிச்சாலை எங்கே என்று எல்லாரும் விசாரிப்பார்கள். அதே நாளில் ஆலோசனைப் பிரிவு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். பக்கத்து அறைக்காரருக்குத் தேவைப்படும் இரவில், வழி தெரிந்தவராக நீங்கள் இருப்பீர்கள்.